உள்ளே விட்ட துணி

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறதே என்று, அவள் பரணில் கிடந்த மகள் சுண்டுவின் கறுப்பு ஷூவை இறக்கித் தூசி தட்டினாள். உள்ளே கையை விட்டதும் விரல் நுனியில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. பஞ்சு. போன வருஷம் அவளே அடைத்து வைத்த பஞ்சு.

ஒரு அளவு பெரிதாக ஷூ வாங்கி, நுனியில் பஞ்சை அடைத்துப் போட்டுவிட்டு, கால் வளர வளர அதைப் பிய்த்துப் பிய்த்து எடுத்துவிடுவது பிள்ளை பெற்ற எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்தான். இந்தப் பஞ்சைப் பாதி வருஷத்திலேயே எடுத்திருக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை. ஷூ கடிக்கிறது, விரல் வலிக்கிறது என்று சுண்டு ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. ஈர வாடையும் பழைய தோல் வாடையும் கலந்து வந்த அந்தப் பஞ்சு, வைத்த இடத்தில் வைத்தபடி, அடைக்கும்போது அவளுடைய கைக் கட்டைவிரல் அழுத்திய பள்ளம்கூடக் கலையாமல் இருந்தது.

“எங்க, காலைக் குடு.”

சுண்டு சமர்த்தாகக் காலை நீட்டினாள். வாரை இறுக்கி, நடந்து காட்டச் சொன்னதும் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் ஷூவை விட்டு எழும்பி மறுபடி விழுந்தது. டப். டப். பஞ்சு இருந்தும் ஷூ பெரிதாக இருந்தது.

“நல்லதாப் போச்சு” என்றான் கணவன். லிஃப்ட் பழுது பார்க்கிறவன்; வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் மகளைப் பார்த்தால் பல்லைக் காட்டாமல் போக மாட்டான். “கடைக்கு அலையுற வேலை மிச்சம். எம் பொண்ணு அப்பன் கஷ்டம் தெரிஞ்சவ.”

அவளும் சிரித்தாள்.  துடைத்துக்கொண்டு வருகிறேன் என்று ஷூவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் நின்று, இன்னொரு பிடி பஞ்சை உள்ளே திணித்தாள்.  குழந்தை ஏன் வளரவில்லை என்று மருத்துவருக்குத் தெரியாது. கணவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

தைப்பது அவளுக்குப் பிழைப்பு இல்லை. பிழைப்பு என்பது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத அறையில், வருகிற கோப்புகளுக்கு முத்திரை குத்துவது. அங்கே ஒரு வாரம் போகாவிட்டால் அவளுடைய நாற்காலியை யாராவது இழுத்துப் போட்டு உட்காருவார்களே தவிர, அவள் எங்கே என்று கேட்க மாட்டார்கள். ஆனால் சுண்டுவுக்கு ஒரு ஃப்ராக் தைத்துப் போட்டு வெளியே அழைத்துப்போனால் போதும், முன்பின் தெரியாதவர்கள்கூட நிறுத்தி, “இந்தச் சுருக்கு நீங்களே வச்சதா? எப்படிங்க தோணுது உங்களுக்கு? குழந்தை பொம்மை மாதிரி இருக்கா” என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதம் முத்திரை குத்துவாள்.

எதைத் தைத்தாலும் இரண்டு பக்கமும் இரண்டு விரல் துணியை உள்ளே விட்டுத் தைப்பாள். கீழே நாலு விரல் மடிப்பு. வளர்கிற பிள்ளை, நாளைக்குப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். குழந்தைத் துணி தைக்கிற யாரும் அப்படித்தான் தைப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பிரித்தும் விடுவாள்.

பிறகு சுண்டு ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். போன கொஞ்ச நாளில், புது ஃப்ராக்கை எடுத்து நீட்டியபோது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எனக்கு ஃப்ராக் வேணாம்மா. பாப்பா மாதிரி இருக்கேன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. பேன்ட் வாங்கிக் குடு.”

அவ்வளவுதான். அன்றோடு அம்மாவின் தைக்கிற கை படுத்துவிட்டது. புதுத் துணி வாங்கினால் உற்சாகம் வரும் என்று துணி வாங்கினாள். லேஸ் வாங்கினாள். பட்டன்களை நிறம் பிரித்து டப்பாக்களில் போட்டாள். அடுத்த வாரம் எல்லாவற்றையும் கொட்டி அளவு பிரித்துப் போட்டாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டாள், துடைத்தாள், துண்டு போட்டு மூடினாள். ஊர் உலகத்தில் இருப்பவர்கள் தைப்பதை எல்லாம் போனில் பார்த்தாள்; பார்த்து முடித்ததும் மிஞ்சியது வயிற்றெரிச்சல்தான். கத்தரியைக் கையில் எடுத்தால் எதை வெட்டுவது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்திருக்கும்போது, தான் செத்துப்போய், யாரும் கவனிக்காததால் இன்னும் நாற்காலியில் இருப்பதுபோல அவளுக்குத் தோன்றும்.

அந்த நிலையில்தான் ஒரு மழை ஞாயிறு வந்தது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. அலமாரியின் அடியில் கிடந்த பழைய மஞ்சள் ஃப்ராக்கைச் சுண்டுவுக்கு மாட்டிவிட்டாள். இறுக்கமாகத்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேல் வீசி, வாய் லேசாகத் திறந்து, குழந்தை சோபாவில் தூங்கியது. வெளியே மழை ஓட்டில் விழுந்து தாழ்வாரத்தில் வடிகிற சத்தம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ இப்படியே இருந்துட்டா என்ன என்று நினைத்தாள். எந்தத் தாய்தான் நினைக்கவில்லை? அவள் நினைப்போடு நிற்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

மாலையில் பக்கத்தைப் பிரித்துவிடலாம் என்று அந்த ஃப்ராக்கை உள்பக்கம் திருப்பினாள். வெளித்துணி வெயிலிலும் சோப்பிலும் வெளிறி வெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தது. உள்ளே விட்ட இரண்டு விரல் துணி மட்டும் வெளிச்சமே படாமல், வாங்கின அன்று இருந்த அதே மஞ்சளில் பளிச்சென்று இருந்தது. சுண்டுவின் இனி வரப்போகிற வருஷங்களுக்காக அவளே ஒதுக்கிவைத்த துணி. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. பிரிக்க எடுத்த கை, பிரிக்கவில்லை. கத்தரியை எடுத்து, தையலை ஒட்டி, நகக்கண் அளவு மட்டும் விட்டுவிட்டு, அந்தத் துணியைக் கீழிருந்து மேல்வரை சரசரவென்று வெட்டி எடுத்தாள்.

“போதும்” என்றாள் வாய்விட்டு. “இவ்வளவு போதும்.”

கடைசி வெட்டு விழுந்த நொடியில் அவளுக்குள் ஏதோ மடை திறந்தது. அலை அலையாக ஒரு கீழ்மடிப்பு தெரிந்தது. முதுகில் நாடா கோத்துக் கட்டுகிற ஒரு ஃப்ராக் தெரிந்தது. கை பரபரத்தது. அலமாரியைத் திறந்து சுண்டுவின் ஃப்ராக் ஒவ்வொன்றையும் வெளியே இழுத்துப் போட்டு, உள்ளே விட்ட துணி அத்தனையையும் வெட்டினாள். ஒன்றுவிடாமல். அன்று சாப்பாட்டு மேசையில் குழந்தையின் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனால் மனசுக்குள் அடுத்த காலரைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

சுண்டுவுக்கு அப்போது கீழ்வரிசைப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நாக்கால் தள்ளித் தள்ளி, இன்றைக்கு விழும், நாளைக்கு விழும் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது விழவில்லை. ஒரு காலையில் கண்ணாடி முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“அம்மா, பல்லு ஆட மாட்டேங்குது.”

அவள் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். நட்டுவைத்த கல் மாதிரி நின்றது. “விழும் விழும், அவசரம் என்ன” என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் அந்தப் பல் அவள் விரல் நுனியிலேயே இருந்தது.

பேன்ட் பேச்சு அதன்பிறகு எழவில்லை. கொடுத்ததைச் சுண்டு போட்டுக்கொண்டாள். ஒரே காகித அளவை வைத்துக்கொண்டு, திருப்பி வரைய வேண்டிய அவசியமே இல்லாமல், உள்ளே ஒரு நூல் துணியும் கூடுதலாக விடாமல், அவள் ஃப்ராக் மேல் ஃப்ராக்காகத் தைத்தாள். பார்த்தவர்கள் எல்லாம் வாயடைத்துப் போனார்கள். அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வருஷம் அது. 

வெட்டியெடுத்த பட்டைகளை அவள் எறியவில்லை. தைக்கிறவள் எதைத்தான் எறிவாள்? மஞ்சள், ஊதா, புள்ளி போட்ட சிவப்பு, கிளிப்பச்சை என்று எல்லாம் புத்தம்புது நிறத்தில் இருந்தன. ஒன்றோடு ஒன்றை ஒட்டித் தைத்துக் கோடு கோடாக ஒரு துணி செய்து, சுண்டுவின் அதே அளவில் வெட்டி ஒரு ஃப்ராக் தைத்தாள். போட்டுப் பார்த்தபோது அது குழந்தையின் கணுக்காலுக்கு வந்தது. அளவு தவறிவிட்டது போலிருக்கிறது என்று தையல் அறைக் கதவின் பின்னால் கொக்கியில் மாட்டினாள். அப்போது அதன் கீழ்மடிப்பு கதவுப் பிடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மழைக்காலம் முடிந்தபோது பிடிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒட்டுத் துணிதானே, தொய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பனிக்காலத்தில் இன்னும் இறங்கியது. கொக்கியில் தொங்குகிற துணி தோளில் சரிந்துதான் கிடக்க வேண்டும். இது தோள் இரண்டும் நிமிர்ந்து நின்றது. அந்த அறையில் மெஷின் எண்ணெய் வாடையோடு இன்னொரு வாடையும் வர ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வெயிலில் நடந்து வருகிற வளர்ந்த பெண்பிள்ளைகளின் கழுத்தில் வருமே, அந்த வேர்வை வாடை. அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தைத்தாள்.

ஷூவுக்கு மறுபடி பஞ்சு அடைத்த அந்த வாரத்தில்தான் அண்ணி வந்தாள். கணவனின் அக்கா, வாய் நீளம், மனசு தங்கம் என்று குடும்பத்தில் பெயர் வாங்கியவள். கூட அவள் மகளும் வந்தாள், சுண்டுவைவிட இரண்டு மாதம் சின்னவள். வாசலில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது.

“ரெண்டு பேரும் முதுகோட முதுகு ஒட்டி நில்லுங்க பாப்போம்” என்றாள் அண்ணி.

நின்றார்கள். சுண்டுவின் உச்சந்தலை மற்றவளின் தோளுக்குக்கூட எட்டவில்லை.

“ஏம்மா, பிள்ளைக்குச் சோறு போடுறியா, இல்ல ஃப்ராக்கைப் போட்டே வயித்தை ரொப்புறியா?”

“டாக்டர்கிட்ட காட்டினோம் அண்ணி. சில குழந்தைங்க மெதுவாத்தான் வளருவாங்களாம்.”

“மெதுவா வளரட்டும், வேணாங்கலை. போன தடவை பாத்தப்ப இதைவிடப் பெரிசா இருந்தாளே?” அண்ணி சிரிக்கவில்லை. “எனக்குத்தான் அப்படித் தோணுதா?”

“உனக்குத்தான் தோணுது அக்கா. கண்ணாடியை மாத்து” என்றான் கணவன்.

அண்ணி வழக்கம்போலத் தையல் அறையை ஒரு சுற்று சுற்றினாள். கதவுக்குப் பின்னால் தொங்கியதைப் பார்த்து நின்றாள். “இது யாருக்கு? பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு ஆகும் போல இருக்கே.” துணியை மூக்கருகே கொண்டுபோனாள். “யாரோ போட்டுக் கழட்டினதா? துவைச்சு மாட்டக் கூடாதா?”

“வேஸ்ட் துணி அண்ணி. சும்மா தைச்சேன்.”

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணி குரலைத் தாழ்த்தினாள். “வீட்டு வேலைக்கு ஆள் வச்சிருக்கேன்னு சொல்லவே இல்லியே.”

“இல்லியே அண்ணி. யாரும் வைக்கலை.”

“அப்ப அந்தப் பொண்ணு யாரு? நாங்க உள்ள வரும்போது பாத்ரூம் பக்கம் போனாளே. ஒல்லியா, உயரமா. நம்ம சுண்டு ஜாடையிலயே இருக்கான்னு நினைச்சேன்.”

 பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கும் என்று ஏதோ உளறிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்று மாலை சுண்டுவைக் குளிப்பாட்டி, துண்டில் சுற்றி, கட்டிலில் உட்காரவைத்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டுக்குள் குழந்தை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தபோது தரையில் ஈரக் காலடிகள் தெரிந்தன. குளியலறை வாசலில் ஆரம்பித்து, கூடத்தைக் கடந்து, தையல் அறைக்குள் போயின. சுண்டுவைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள், குழந்தையின் கால் தரையில் படவே இல்லை. தன் கால் ஈரமும் இல்லை. காலடிகள் நீளமாக, ஒல்லியாக இருந்தன. ஓரத்திலிருந்து மெல்ல உலர்ந்துகொண்டிருந்தன.

“சுண்டு, வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?”

“அக்கா.”

“எந்த அக்கா?”

இதுகூடத் தெரியாதா என்பதுபோலக் குழந்தை பார்த்தது. “நம்ம அக்காம்மா. தையல் ரூம் அக்கா. என்னோட பிறந்தநாளை எல்லாம் அவதான் வச்சிருக்கா.”

துவட்டுகிற கை நின்றது. “அவளுக்கு யாரு குடுத்தா?”

சுண்டு துண்டுக்குள்ளிருந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீதான்.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். அணைத்த கை முதுகைச் சுற்றி வந்து, தன் தோளையே தொட்டது.

மறுநாள் ஞாயிறு. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது என்று கணவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மத்தியானம் வானம் மூடிக்கொண்டு மழை வரும்போல் இருந்தது. சுண்டுவைச் சோபாவில் படுக்கவைத்து, போர்வையைப் போர்த்திவிட்டு, அவள் தையல் அறைக்குள் போய்க் கொக்கியிலிருந்து அந்தக் கோடு போட்ட ஃப்ராக்கைக் கழற்றினாள். கனத்தது. அக்குள் பக்கம் கதகதப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு மேசையில் விரித்து, தையல் பிரிக்கிற சின்னக் கொக்கியை எடுத்தாள். எந்தப் பட்டை எந்த ஃப்ராக்கிலிருந்து வந்தது என்று அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் இடத்திலேயே வைத்துத் தைத்துவிடலாம். முதலில் மஞ்சள். கொக்கியை நூலுக்கு அடியில் விட்டு இழுத்தாள். பட், பட், பட்டென்று நூல் அறுந்தது.

“அம்மா… கால் வலிக்குதும்மா.”

கூடத்துக்கு ஓடினாள். சுண்டு முழங்காலுக்குக் கீழே கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வளரும்போது வருகிற வலி. எல்லாத் தாய்க்கும் தெரிந்த வலி. அவள் நடுங்கும் விரலைக் குழந்தையின் வாய்க்குள் விட்டு அந்தப் பல்லைத் தொட்டாள். பல் அசைந்தது.

“கொஞ்சம் பொறுத்துக்கடா கண்ணு. அம்மா சரி பண்ணிடறேன். எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்.”

திரும்பி வந்து ஊதாவைப் பிரித்தாள். கூடத்தில் முனகல். கிளிப்பச்சையைப் பிரித்தாள். முனகல் பெரிதானது. அழுகையும் சிரிப்புமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மேசையின் மறுபக்கத்தில் பாதி தைத்துக் கிடந்த வெள்ளை ஃப்ராக் கண்ணில் பட்டது. அதற்கு ஒரு காலர் யோசித்து வைத்திருந்தாள். இதழ் மேல் இதழாக அடுக்கி, ஒவ்வொரு இதழின் ஓரத்தையும் நூல்போலச் சுருட்டி. இதுவரை அவள் தைத்ததிலேயே இதுதான் உச்சம் என்று ஒரு வாரமாக மனசுக்குள் பொத்திவைத்திருந்த காலர். அது இப்போது மனசில் இல்லை. கண்ணை மூடித் தேடினாள். வெறும் வெள்ளைத் துணி. அதற்கு அடுத்து என்ன தைப்பதாக இருந்தோம்? அதுவும் இல்லை. கை இரண்டும் தானாக மடியில் வந்து விழுந்தன. அந்த நாற்காலியில், அந்த மடியில், அந்தக் கைகளை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அந்த மழை ஞாயிறுக்கு முன்னால் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறாள்.

கூடத்தில் குழந்தை வலியோடு வளர்ந்துகொண்டிருந்தது. அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

“இந்த ஒண்ணை மட்டும் முடிச்சிடறேன்” என்றாள் கடைசியில். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. “இதை முடிச்சிட்டு எல்லாத்தையும் பிரிச்சிடறேன்.”

மூன்று பட்டைகளையும் அந்தக் கோடு போட்ட ஃப்ராக்கிலேயே பழையபடி தைத்து, அதைக் கொக்கியில் மாட்டினாள். முதல் பட்டைக்கு முனகல் குறைந்தது. மூன்றாவதற்கு அடங்கிவிட்டது. காலர் ஒவ்வொரு இதழாகத் திரும்பி வந்தது. தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. அவளாலும் சொல்ல முடியாது.

தொண்டை வறண்டிருந்தது. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காரலாம் என்று எழுந்தாள். கூடத்தைக் கடக்கும்போது சுண்டு போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வை எவ்வளவு நீளத்துக்கு மேடாக இருந்தது என்று அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சமையலறையில் வெளிச்சம் மங்கலாக இருந்தது. அடுப்பில் தண்ணீர் சுடத் தொடங்கி, பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு சீறின. அந்தச் சீறலுக்கு நடுவே தையல் அறையில் மெஷின் ஓடியது.

அவள் கால் சமையலறைத் தரையில் இருந்தது. மெஷின் மிதியில் இல்லை.

ஓடியது, நின்றது. பிறகு கத்தரி. கருக், கருக்கென்று நிதானமான கை. பிறகு துணி உதறுகிற சத்தம். மறுபடி மெஷின்.

தைக்கிறவர்களின் காது தனிக் காது. மெஷின் எவ்வளவு தூரம் நிற்காமல் ஓடுகிறது என்பதை வைத்தே எந்தத் தையல், என்ன நீளம் என்று சொல்லிவிடும். முதலில் ஓடியது அக்குளிலிருந்து இடுப்புவரை வருகிற பக்கத் தையல், ஐந்து வயதுப் பிள்ளைக்கு. இப்போது ஓடியதும் அதே பக்கத் தையல்தான். ஆனால் சீக்கிரம் நின்றுவிட்டது. மூன்று வயதுக்கு.

கருக். கருக்.

மெஷின் ஓடியது. இரண்டு வயது.

ஓடு என்று மனசு சொன்னது. கால் நகரவில்லை. பாத்திரத்தைப் பிடித்திருந்த கை சுட்டது. அதையும் எடுக்கத் தோன்றவில்லை. கருக். ஒரு வயது. நடக்கப் பழகுகிற குழந்தையின் பக்கம், ஒரு சாணுக்கும் குறைவு. சுண்டு முதன்முதலாக நடந்தபோது போட்டிருந்த சட்டையின் நீளம் அவளுக்கு நினைவு இருந்தது. கருக். கைக்குழந்தை. கருக். தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. தீ அணைந்தது.

மெஷின் கடகடவென்றது. நாலே நாலு தையல். நின்றது.

அவ்வளவு சின்ன உடம்போடு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை.

ஓடினாள். கூடத்தில் சோபாவின் மேல் போர்வை தட்டையாகக் கிடந்தது. தையல் அறைக் கதவு திறந்திருந்தது. கொக்கி காலி. தரை முழுக்கக் குட்டிக் குட்டி ஃப்ராக்குகள், ஒன்றைவிட ஒன்று சின்னதாக, சோபாப் பக்கமிருந்து மெஷின்வரை வரிசையாக. எல்லாம் போட்டுக் கழற்றியவை. எல்லாம் இன்னும் சூடாக இருந்தன.

அவளுடைய நாற்காலியில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கோடு போட்ட ஃப்ராக். நீளக் கழுத்து. இரட்டைப் பின்னல். மெஷின் விளக்கின் வெளிச்சத்தில் தலையைக் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். தைக்கும்போது அம்மா நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு குனிகிற மாதிரியே. 

“அசையாம நில்லு செல்லம்” என்றது அந்தக் குரல், மேசைமேல் எதையோ பார்த்து. “இன்னும் கொஞ்சந்தான்.”

மேசைமேல், பாபின் நூல் டப்பாவுக்குப் பக்கத்தில், சுண்டு நின்றாள்.

உள்ளங்கை உயரம். முழுதாக. மூக்கும் விரலும் நகமும் எல்லாம் சரியாக. வெள்ளை ஃப்ராக் போட்டிருந்தாள். அதன் கழுத்தைச் சுற்றி இதழ் மேல் இதழாக ஒரு காலர், ஒவ்வொரு இதழின் ஓரமும் நூல்போலச் சுருட்டப்பட்டு.

அலறத்தான் வாயைத் திறந்தாள். பாய்ந்து பிள்ளையை அள்ளிக்கொள்ளத்தான் வந்தாள். சத்தியமாக அதற்குத்தான் வந்தாள். ஆனால் முதலில் கண்ணில் பட்டது காலர். நெஞ்சு முதலில் சொன்னது, எவ்வளவு அழகு. தன் நெஞ்சு அதைச் சொன்னதை அவள் கேட்டாள். கேட்டுக்கொண்டு நின்றாள்.

உயரமான பெண் திரும்பினாள். சுண்டுவின் முகம். சுண்டுவுக்கு ஒருநாள் வந்திருக்க வேண்டிய முகம். கீழ்வரிசையில் புதிதாக முளைத்த பெரிய பல். கோபம் எதுவும் இல்லை அந்த முகத்திலும்.

“இதுக்கு மேல மெஷின்ல வராதும்மா” என்றாள். ஊசியை நீட்டினாள். இன்னொரு கையில் நகம் அளவுக்கு வெட்டிய ஒரு வெள்ளைத் துணி. “கையாலதான் தைக்கணும். நூல் கோத்துக் குடு.”

மேசைமேல் சின்ன வாய் திறந்தது. அம்மா என்றிருக்கும். சத்தம் கேட்கவில்லை, அவ்வளவு தூரத்துக்கு எட்டுகிற குரல் அந்த உடம்பில் இல்லை. கண் மட்டும் அம்மாவையே பார்த்தது.

அவள் நூல்கண்டை எடுத்தாள். நுனியைப் பல்லால் கடித்து, நாக்கில் ஈரப்படுத்தி, விரலால் உருட்டிக் கூராக்கினாள். கை நடுங்கவில்லை. நூல் முதல் தடவையிலேயே ஊசிக்காதுக்குள் போனது.